டென்மார்க்கிலிருந்து வந்த இருவரும் துபாயிலிருந்து வரும் நாமும்

வெளிநாட்டில் இருக்கும் நம்மாட்கள் லீவில் வந்தால் எங்கள் செம்பூர் கிளைக்கு ஒரு நடை வராமல் போகமாட்டார்கள். என்.ஆர்.ஈ. டெபாசிட்டைப் புதுப்பிப்பது, நாமினி பெயரை மாற்றுவது என்று ஏதாவது ஒரு வேலை இருக்கும். வந்த வேலை முடிந்ததும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், இன்னும் எத்தனை வருஷம்தான் அங்கேயே கிடக்கிறது? ஊரில் ஏதாவது தொழில் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். என்ன தொழில் பண்ணலாம்னு சொல்லுங்க."

என்னைக் கேட்டால்? நான் பி.காம். முடித்த கையோடு வங்கிப் பரீட்சை எழுதி, மாதச் சம்பளத்தில் உட்கார்ந்துவிட்ட ஆசாமி. சொந்தமாக ஒரு பெட்டிக்கடை வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் கடன் கேட்டு வருகிறவர்களின் கணக்கைப் பல வருடங்களாகப் புரட்டிக்கொண்டிருப்பதால் சில விஷயங்கள் கண்ணில் படும். அதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் சுற்றுவழி, பொறுத்துக்கொள்ளுங்கள். பவாய் வழியாகப் போய், ரங்கூனைத் தொட்டு, வள்ளியூரில் வந்து சேரவேண்டும் :-)

புலம்பெயர்தல் என்றாலே ஏழை ஊரிலிருந்து பணக்கார ஊருக்குப் போவது என்றுதான் நமக்குப் பழக்கம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவித் தோல் பதனிடும் கொட்டகைகளுக்கு வந்தவர்கள் அப்படி. பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் டைப்ரைட்டிங் சர்டிபிகேட்டோடு மாட்டுங்காவுக்கு வந்தவர்கள் அப்படி. வளைகுடாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்களும் அப்படித்தான். இதற்கு நேர் எதிர்த்திசையிலும் ஒரு போக்குவரத்து உண்டு. வசதியான நாட்டிலிருந்து கிளம்பி, வசதி குறைந்த நாட்டில் வந்து தொழில் நடத்துகிறவர்கள். அது வெள்ளைக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றும். யோசித்துப் பாருங்கள். துபாயில் இருபது வருடம் இருந்துவிட்டு, சேமிப்பையெல்லாம் எடுத்துக்கொண்டு வள்ளியூரில் வந்து இறங்குகிறவரும் அந்த வரிசையில்தான் நிற்கிறார். வள்ளியூருக்கு அவர் வெளிநாட்டுக்காரர். கோபித்துக்கொள்ளாதீர்கள். கரண்ட் கனெக்‌ஷனுக்கு யாரைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியாது. அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் ஊருக்கே தெரியும்.

அதனால் இந்தத் திசையில் வந்து நிஜமாகவே ஜெயித்தவர்கள் கதையைப் பார்ப்பது நல்லது. அதற்கு எங்கும் தேட வேண்டாம். செம்பூரிலிருந்து காட்கோபர் தாண்டினால் பவாய். 2014-ல் செம்பூரிலிருந்து ஓட ஆரம்பித்த மோனோரயிலை மலேசியாவின் ஸ்கோமி கம்பெனியோடு சேர்ந்து கட்டியவர்களும் இவர்கள்தான். எல் அண்ட் டி. லார்சன் அண்ட் டூப்ரோ. இந்தப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் "எங்க சித்தப்பா எல் அண்ட் டி-யில இருந்து ரிடையர் ஆனார்" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். ஆனால் அந்த லார்சனும் டூப்ரோவும் யார் என்று கேட்டால் பாதிப் பேர் இங்கிலீஷ்காரர்கள் என்பார்கள்.

இல்லை, இருவரும் டென்மார்க். இரண்டு பேருமே இஞ்சினியர்கள். சோரன் கிறிஸ்டியன் டூப்ரோ 1934-ல் இந்தியாவுக்கு வந்தது எங்கே தெரியுமா? நம்ம கோயம்புத்தூருக்குப் பக்கத்தில், மதுக்கரை சிமெண்ட் ஆலைக்கு. எஃப்.எல். ஸ்மித் என்ற டென்மார்க் கம்பெனி சிமெண்ட் இயந்திரங்கள் செய்து விற்றுக்கொண்டிருந்தது. விற்ற இயந்திரத்தை நிறுவி ஓட்டிக் காட்டுவதற்காக அனுப்பப்பட்டவர் அவர். அதே கம்பெனியிலிருந்து 1937-ல் வந்தவர் ஹென்னிங் ஹோல்க்-லார்சன். இந்தியாவின் சிமெண்ட் கம்பெனிகள் பல ஒன்றாகச் சேர்ந்து ஏ.சி.சி. உருவாகியிருந்த நேரம் அது. இன்றைய பாஷையில் சொன்னால் இருவருமே ஆன்சைட்டில் வந்தவர்கள்.

பம்பாய்க்குப் பக்கத்து மாத்தேரான் மலையில் விடுமுறைக்குப் போன இடத்தில்தான் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் செய்வது என்று முடிவெடுத்தார்கள் என்பார்கள். 1938-ல் பம்பாயில் பார்ட்னர்ஷிப். ஒருவருக்கு 32 வயது, இன்னொருவருக்கு 31. முதல் ஆபீஸ் எவ்வளவு பெரியது என்றால், ஒரு நேரத்தில் ஒரு பார்ட்னர்தான் உள்ளே உட்காரலாம். மற்றவர் வெளியே ஆர்டர் பிடிக்கப் போயாக வேண்டும். பம்பாயில் வீட்டு வாடகை கொடுத்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

ஆரம்பத்தில் என்ன செய்தார்கள்? பெரிதாக ஒன்றுமில்லை. டென்மார்க் கம்பெனிகளின் பால்பண்ணை இயந்திரங்களைத் தருவித்து விற்றார்கள். ஏஜென்சி வியாபாரம். ஊரில் இருக்கும் தொடர்பை வைத்துக்கொண்டு இங்கே கமிஷன் பார்ப்பது. வெளியூர்க்காரர் செய்யக்கூடிய மிகச் சுலபமான தொழில் இதுதான். சிங்கப்பூரிலிருந்து வந்து எலெக்ட்ரானிக் சாமான் விற்பதும், கலிபோர்னியாவிலிருந்து வந்து சாப்ட்வேர் டீலர்ஷிப் எடுப்பதும் இதே ரகம். அதோடு நின்றிருந்தால் அவர்கள் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது.

1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டது. சரக்கு வருவது நின்றது. ஏஜென்ட் கையில் விற்க ஒன்றுமில்லை. ஊருக்குப் போகலாம் என்றால் ஊர் ஹிட்லர் கையில்.

என்னைப் பொறுத்தவரை எல் அண்ட் டி பிறந்தது 1938-ல் அல்ல, இந்த மாதத்தில்தான். விற்க முடியாது என்றானதும் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் போட்டார்கள். ஏற்கெனவே விற்ற இயந்திரங்களைப் பழுது பார்த்தார்கள். உதிரி பாகம் இறக்குமதி ஆகாதபோது அதை இங்கேயே செய்ய முடியுமா என்று பார்த்தார்கள். டாட்டாவின் சோடா ஆஷ் தொழிற்சாலையை நிறுவ வந்திருந்த ஜெர்மன் இஞ்சினியர்களை யுத்தம் காரணமாகப் பிரிட்டிஷ் அரசாங்கம் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. பாதியில் நின்ற அந்த வேலை இவர்களுக்கு வந்தது. அப்புறம் யுத்தக் கப்பல்களைப் பழுது பார்க்கும் வேலை. அதற்காக ஹில்டா என்று தனியாக ஒரு கம்பெனி. 1944-ல் கட்டுமானத்துக்காக இன்னொரு கம்பெனி. அதுதான் இ.சி.சி. சென்னை மணப்பாக்கத்தில் இருக்கிறதே, அதன் பூர்வாசிரமம்.

அடுத்த கட்டம் வங்கிக்காரனாக எனக்கு மிகவும் பிடித்த இடம். யுத்தம் முடிந்ததும் ராணுவம் வைத்திருந்த கேட்டர்பில்லர் மண்வாரி இயந்திரங்கள் உபரியாகி, சல்லிசான விலைக்கு வந்தன. கேட்டர்பில்லர் ஏஜென்சி இவர்கள் கையில். வாங்கினால் கொள்ளை லாபம். ஆனால் இரண்டு பார்ட்னர்களின் சட்டைப்பைக்கு அது பெரிய தொகை. இப்படி ஒரு கட்டத்தில் நம்மாட்கள் செய்வது என்ன? மனைவி நகை, மாமனார் நிலம், அதுவும் போதாவிட்டால் இரண்டு வட்டிக்குக் கடன். அவர்கள் வெளியாளின் பணத்தைப் பங்காக உள்ளே விட்டார்கள். 1946 பிப்ரவரி 7-ல் பிரைவேட் லிமிடெட். 1950-ல் பப்ளிக் கம்பெனி, செலுத்தப்பட்ட மூலதனம் 20 லட்சம் ரூபாய். நாடு சுதந்திரம் அடைந்து மூன்றே வருடத்தில், இரண்டு ஐரோப்பியர்கள் தங்கள் கம்பெனியின் பங்கை இந்த ஊர்க்காரர்கள் வாங்கும்படி சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் கிடைத்த விலைக்கு மார்வாடிகளிடம் விற்றுவிட்டுக் கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம் அது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இவர்களோ 1948-ல் பவாயில் சதுப்பும் காடுமாகக் கிடந்த 55 ஏக்கரை வாங்கிப் போட்டிருந்தார்கள்.

டூப்ரோ 1960-களின் தொடக்கத்தில் பொறுப்புகளை விட்டு விலகினார், 1982-ல் காலமானார். ஹோல்க்-லார்சன் இங்கேயே இருந்தார். 1976-ல் மகசேசே விருது, 2002-ல் பத்மபூஷண். 2003 ஜூலையில் 96-வது வயதில் இதே மும்பையில் இறந்தார்.

அவர் போன பிறகும் கம்பெனி நிற்கிறது என்பதுதான் விஷயம். நடுவில் 1980-களின் கடைசியில் அம்பானி, 2001-ல் பிர்லா என்று பெரிய கைகள் இதைப் பிடிக்கப் பார்த்தன. கடைசியில் சிமெண்ட் பிரிவு தனியாகப் பிரிந்து பிர்லாவிடம் போய் அல்ட்ராடெக் ஆனது. பிர்லா வசமிருந்த எல் அண்ட் டி பங்குகளைத் தொழிலாளர் டிரஸ்ட் வாங்கிக்கொண்டது. சிமெண்ட் ஆலைக்காக வந்தவர்கள் தொடங்கிய கம்பெனி சிமெண்டைக் கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, வேடிக்கைதான். 2023 முதல் தலைவராக இருக்கும் எஸ்.என். சுப்ரமணியன் சென்னை இ.சி.சி. வழியாக மேலே வந்தவர். (2025 ஜனவரியில் வாரம் 90 மணி நேரம் உழைக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாரே, அவரேதான். என் வீட்டம்மா அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸ் போனால் காய்கறி யார் வாங்குவது என்று கேட்டாள்.)

சரி, வெள்ளைக்காரன் புகழ் பாடிவிட்டாய், அவ்வளவுதானா என்பீர்கள். இல்லை. அவர்களுக்கு இருந்த வசதியையும் சொல்லத்தான் வேண்டும்.

1938-ன் பம்பாயில் ஒரு வெள்ளை முகத்துக்குத் திறந்த கதவுகள் எத்தனை! டென்மார்க்காரர் ஆட்சி செய்கிற சாதியில்லை, ஆனால் ஆட்சி செய்கிறவரின் கிளப்பில் உட்கார முடிந்த ஆள். அதே வரைபடத்தை அதே விலைக்கு மாட்டுங்காவிலிருந்து ஒரு தமிழ் இஞ்சினியர் கொண்டு போயிருந்தால் டாட்டா ஆபீஸில் எந்த மாடி வரை விட்டிருப்பார்கள் என்று தெரியாது. கடன் கொடுப்பது பேப்பரைப் பார்த்து என்று எங்கள் தொழிலில் சொல்லிக்கொள்வோம். முகத்தைப் பார்த்தும்தான். இன்றைக்கும் அமெரிக்க உச்சரிப்போடு வருகிறவருக்கு மானேஜர் அறையில் காபி வரும். அதே புராஜெக்ட் ரிப்போர்ட்டோடு தாராவியிலிருந்து வருகிறவர் கவுன்டரில் நிற்பார். இருபது வருடம் நேரம் தவறாமல் வாடகை கட்டியவராக இருந்தாலும் அப்படித்தான்.

இன்னொரு வசதி, நஷ்டப்படும் வசதி. வசதியான ஊரிலிருந்து வருகிறவன் தோற்றால் டிக்கெட் எடுத்துத் திரும்பலாம், அங்கே படிப்புக்கு ஒரு வேலை கிடைக்கும். தாராவியில் அதிகாலை நாலு மணிக்கு இட்லி அவித்து சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்புகிற நம் தமிழருக்கு அந்த வசதி இல்லை. ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் முதல் போச்சு. அதனால் அவர் புதிதாக எதையும் முயன்று பார்க்க மாட்டார், இட்லியையே அவிப்பார். துணிச்சல் குறைவு என்று அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் இந்தத் திரும்பும் டிக்கெட்டில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. தொழிலை ஆரம்பிக்க அது தைரியம் கொடுக்கிறது. ஆரம்பித்த தொழிலில் வேர் விடாமல் தடுப்பதும் அதுதான். லார்சனுக்கும் டூப்ரோவுக்கும் 1940-ல் டிக்கெட் கிழிந்துபோனது. அதற்கு முன் வியாபாரிகளாக இருந்தவர்கள் அதற்குப் பின் தொழிலதிபர்கள் ஆனார்கள். டிக்கெட் கிழியாதவர்கள் கதை வேறு மாதிரி இருக்கும். அந்தக் கதையில் வருவது நம்மவர்கள்தான்.

பர்மாவைச் சொல்கிறேன். அந்தக் காலப் பர்மாவை ஏழை நாடு என்று சொல்லிவிட முடியாது, நெல் அமோகமாக விளைந்த பூமி. ஆனால் பர்மிய விவசாயியின் கையில் முதல் கிடையாது. முதல் இருந்தது செட்டிநாட்டிலிருந்து போன நகரத்தார் கையில். ஆக, முதல் இருக்கும் ஊரிலிருந்து முதல் இல்லாத ஊருக்குப் போய்த் தொழில் நடத்தியவர்கள் நம் ஆட்களும்தான். அவர்களைக் கொடுமைக்கார வட்டிக்காரர்கள் என்று ஒரே போடாகப் போடுவது நியாயமில்லை. ஐராவதிக் கழிமுகம் உலகத்துக்கே அரிசி போட்டதற்கு அவர்கள் கொடுத்த கடன் ஒரு பெரிய காரணம். பிரிட்டிஷ் வங்கிகள் அந்த விவசாயியை ஏறெடுத்தும் பார்க்காத காலம். கணக்கு வழக்கில் அவர்கள் நேர்மையைச் சந்தேகித்தவர்கள் குறைவு. உள்ளூர் லேவாதேவிக்காரர்களை விட வட்டியும் குறைவு.

ஆனால் அமைப்பைப் பாருங்கள். முதலாளி காரைக்குடிப் பக்கத்தில். கடையை நடத்தும் ஏஜென்ட் மூன்று வருடக் கணக்குக்குப் போவார், குடும்பம் ஊரிலேயே இருக்கும். கணக்கு முடிந்ததும் அடுத்தவர் போவார். லாபம் கப்பலேறி வந்து பர்மாத் தேக்குத் தூணாக வீட்டு முகப்பில் நின்றது. கடையில் பர்மியப் பங்காளி கிடையாது. எல்லாரும் எப்போதும் டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தார்கள்.

1930-ல் உலகமே மந்தத்தில் விழுந்தபோது நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை. அடமானம் வைத்த நிலம் கைக்கு வந்தது. அவர்கள் கேட்டது வட்டிதான், நிலத்தை விரும்பவில்லை. இருந்தாலும் கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், 1938-ல் 25 சதவீதம். நாலில் ஒரு பங்கு! ஊரில் வசிக்காத ஒருவர் கையில் ஊரின் கால்வாசி வயல் இருந்தால் அந்த ஊர் எத்தனை நாள் சும்மா இருக்கும்? 1930-லும் 1938-லும் இந்தியர்களுக்கு எதிரான கலவரம், 1948-ல் நில தேசியமயச் சட்டம், 1960-களில் நெ வின் ராணுவ ஆட்சி கடைகளையும் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. அங்கிருந்து கட்டிய துணியோடு திரும்பி வந்தவர்கள் போட்ட கடைகள்தான் சென்னையில் பர்மா பஜார். இதில் அதிகம் அடிபட்டவர்கள் முதலாளிகளா? அங்கேயே பிறந்து வளர்ந்து சுமை தூக்கிப் பிழைத்த சாதாரணத் தமிழர்கள்.

எல் அண்ட் டி-யையும் நகரத்தாரையும் ஒரே தராசில் வைப்பது சரியில்லை என்று சிலர் சொல்வீர்கள். ஒன்று இஞ்சினியரிங், மற்றது வட்டித் தொழில். இங்கே இருந்த அரசாங்கம் வேறு, அங்கே வந்த அரசாங்கம் வேறு. ஒப்புக்கொள்கிறேன். பங்காளியைச் சேர்த்திருந்தாலும் நெ வின் விட்டிருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் வெளியூர்க்காரன் பணம் உள்ளூரில் ஏதாவது ஒரு கையில் தொழிலாக மாறியதா, இல்லை கணக்குப் புத்தகத்திலேயே இருந்ததா என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

நடுவிலே ஒரு அமெரிக்கரையும் சொல்லிவிடுகிறேன். ஜான் பிஸ்ஸல். 1958-ல் ஃபோர்டு பவுண்டேஷன் உதவியோடு டெல்லியில் கைவினைப் பொருள் எம்போரியத்துக்கு ஆலோசகராக வந்தவர். பாட்டி விட்டுப்போன பணத்தைப் போட்டு 1960-ல் ஃபேப்இண்டியா தொடங்கினார். முதலில் அதுவும் ஏற்றுமதிதான். 1973-ல் ஃபெரா சட்டம் வந்து வெளிநாட்டுப் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. இந்தச் சட்டத்தைச் சாக்கு வைத்துத்தான் கோகோ கோலா 1977-ல் மூட்டை கட்டியது. பிஸ்ஸல் சொந்தக்காரர்கள், நண்பர்கள், தனக்குச் சரக்கு போட்டவர்கள் என்று இங்கேயே ஆள் பிடித்துப் பங்கு கொடுத்தார். 1976-ல் டெல்லி கிரேட்டர் கைலாஷில் உள்ளூர்க்காரர்களுக்காகவே முதல் கடை. ஃபெராவைத் திட்டாத தொழிலதிபர் கிடையாது, 1999-ல் ஃபெமா சட்டம் வந்து அதற்கு முடிவு கட்டியபோது எங்கள் பரீட்சைப் பாடம் பாதி குறைந்தது என்று நாங்களே சந்தோஷப்பட்டோம். ஆனால் இந்த ஒரு கம்பெனி விஷயத்தில் அந்தச் சட்டம் 1940-ன் வேலையைச் செய்தது என்பேன்.

ஆரோவில்லைப் பற்றியும் எழுதலாம். ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் 1968-லிருந்து அங்கே ஊதுபத்தி, பாலாடைக்கட்டி, ரொட்டி என்று எத்தனையோ தொழில் நடத்துகிறார்கள், சுற்றுக் கிராமத்துத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வேலைக்குப் போகிறார்கள். ஆனால் அங்கே சொத்தெல்லாம் 1988 சட்டப்படி ஆரோவில் பவுண்டேஷனுடையது. தொடங்கியவர் விற்கவும் முடியாது, பிள்ளைக்கு எழுதி வைக்கவும் முடியாது. அது தனி ரகம். இன்னொரு நாள் பார்க்கலாம்.

இப்போது வள்ளியூர்.

என் வாடிக்கையாளர் ஒருவர் மஸ்கட்டில் இருந்தார். மனைவி பிள்ளைகள் செம்பூரில், சொந்த ஊர் நெல்லைச் சீமை. கேன் தண்ணீர் கம்பெனி போட்டார். நல்ல இயந்திரம், நல்ல இடம், கடனே இல்லை. மேனேஜராகத் தங்கை மகன். வேலைக்கு வந்த பையன்களுக்கு ஊர் ரேட்டை விட ஐந்நூறு ரூபாய் கம்மி, "ஊரில் சும்மா சுத்துற பயல்கதானே" என்றார். மஸ்கட் விசாவை கேன்சல் செய்யாமல் ஆறு மாதத்துக்கொரு முறை போய் உயிரோடு வைத்துக்கொண்டிருந்தார். பதினான்கு மாதத்தில் மூடிவிட்டு மறுபடியும் மஸ்கட். "ஊர்ல ஒருத்தனும் சரியில்ல சார், உழைக்க மாட்டேங்கான்" என்றார். அண்ணாச்சி, ஆறு மாதத்துக்கொரு முறை நீங்கள் விமானம் ஏறுவதை அந்தப் பையன்களும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்? இன்றைக்கோ நாளைக்கோ மூடப்போகிற கடைக்கு எவன் உயிரைக் கொடுப்பான்? இதை அவரிடம் சொல்லத்தான் செய்தேன். சிரித்துவிட்டு, டெபாசிட்டுக்கு கால் சதவீதம் வட்டி கூடக் கிடைக்குமா என்று கேட்டார்.

இன்னொருவர் சிங்கப்பூரில் மெஷினிஸ்ட்டாக இருந்தவர். கோயம்புத்தூரில் நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஆரம்பித்தார். படித்தது குறைவு, பேச்சும் குறைவு. ஆனால் ஆரம்பிக்கும்போதே உள்ளூர் ஃபோர்மேன் ஒருவரைப் பிடித்து, சம்பளத்தோடு பத்து சதவீதப் பங்கு என்று பத்திரத்திலேயே எழுதினார். "அவர் முதல் போடலையே, எதுக்கு?" என்று வீட்டில் சண்டையாம். "எந்த மில்லுல எந்த மெஷின் எப்போ நிக்கும்னு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அதுதான் முதல்" என்றாராம். நாலு மெஷின் இப்போது பதினொன்று. அவர் பையன் படிப்புக்காக ஒன்றரை வருடம் சென்னையில் இருந்தபோதும் கடை ஓடியது.

இரண்டு கேஸை வைத்துக்கொண்டு சட்டம் போடக்கூடாது, தெரியும். ஆனால் கடன் கேட்டு வருகிற என்.ஆர்.ஐ.யிடம் நான் இப்போது முதலில் கேட்பது மார்ஜின் மணி எவ்வளவு என்று அல்ல. அது அவரிடம் இருக்கும், அதனால்தான் வந்திருக்கிறார். நீங்கள் இல்லாத மூன்று மாதம் சாவி யாரிடம் இருக்கும், அவருக்கு இதில் என்ன கிடைக்கும் என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் மச்சான், தங்கை மகன், ஒன்றுவிட்ட தம்பி. என்ன கிடைக்கும் என்பதற்குப் பதில் வராது. ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று சொல்கிறவர்களிடம் இன்னும் அதிகமாகக் கேட்பேன். கோவிலுக்கு கோபுரம் கட்டுகிறவர் தன் கடை சூப்பர்வைசருக்கு பி.எஃப். பிடிக்காமல் இருப்பதை நிறையப் பார்த்தாயிற்று.

இந்தச் சமாச்சாரம் இப்போது வேறு திசையிலும் கிளம்பியிருக்கிறது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப 2004-ல் ரிசர்வ் வங்கி ஒரு திட்டம் கொண்டுவந்தபோது உச்சவரம்பு வருடத்துக்கு 25,000 டாலர். 2015 முதல் அது 2,50,000 டாலர். பிள்ளைகளின் படிப்புக்கும் சுற்றுலாவுக்கும்தான் அதிகம் போகிறது. ஆனால் நடுநடுவே, ஆப்பிரிக்காவில் தொழில் தொடங்கப் போகிறேன் என்று வருகிற இளைஞர்களையும் பார்க்கிறேன். கிட்டத்தட்ட தொண்ணூறு வருடத்துக்கு முன் டென்மார்க்காரர் இங்கே வந்த மாதிரி, செம்பூரிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் அங்கே போகிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அப்படி ஒருவர் வந்திருந்தார். செட்டா நகர் முருகன் கோவில் பக்கம் வீடு, அப்பா உரத் தொழிற்சாலையில் இருந்து ரிடையர் ஆனவர். தான்சானியாவில் பிளாஸ்டிக் மோல்டிங் யூனிட் போடப் போகிறார். இயந்திரம் இங்கேயே செகண்ட்ஹாண்டில் வாங்கியாகிவிட்டது. ஆட்கள் என்று கேட்டேன். இங்கிருந்து ஆறு பேரைக் கூட்டிப் போகிறாராம், "அங்கே ஆளுங்க சரியில்லை அங்கிள், உழைக்க மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க." அங்கே போயிருக்கிறாயா தம்பி என்றேன். இரண்டு முறை, நாலு நாலு நாள், ஹோட்டலில் தங்கி.

படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். பான் நகலும் கம்பெனிப் பத்திரமும் கொண்டுவரச் சொன்னேன். அந்த ஊர் மெக்கானிக் ஒருவரையாவது, இயந்திரம் கப்பலில் ஏறுவதற்கு முன்னால், இங்கே பீவண்டிக்கு வரவழைத்து ஒரு மாதம் அதில் வேலை பார்க்க வைக்க முடியுமா, அதற்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.